கரிசல் மண்ணும் காவல் மருந்தும்

கோவில்பட்டியைச் சூழ்ந்து, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர் எனப் பரந்து கிடக்கும் நிலப்பகுதி கரிசற்காடு எனப்படும். அது வானம் பார்த்த பூமி. கோடையில் அந்நிலம் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவிற்குப் பிளந்து கிடக்கும். புரட்டாசி, ஐப்பசித் திங்களில் முதல் மழைத்துளிகள் விழுந்தவுடன் அதிலிருந்து ஒரு நறுமணம் எழும். விதைப்பிற்குக் காத்திருக்கும் உழவரின் உள்ளத்தை மகிழ்விக்கும் அந்த மணத்தை மக்கள் மண்வாசனை என்பர். ஆயின், அது மண்ணில் வாழும் கண்காணாத நுண்ணுயிர்களால் விளைவதாகும்.

அந்நுண்ணுயிர்கள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் இனத்தைச் சார்ந்தவை. பூஞ்சையைப் போல் இழை இழையாகப் படர்ந்து வளரினும், அவை பாக்டீரியா வகையினவே. வறட்சி வந்துற்றபோது அவை நுண்ணிய வித்துகளாக மாறி உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் விழித்தெழும். அவை ஜியோஸ்மின் என்னும் பொருளை ஆக்குகின்றன. மழைத்துளி மண்ணில் மோதும்போது அப்பொருள் காற்றிற் கலந்து நம் மூக்கை எட்டுகிறது.

இந்நுண்ணுயிர்கள் நமக்கு அளித்தது மணம் மட்டுமன்று. கொடிய நோய்களிலிருந்து மனித குலத்தைக் காத்த மருந்துகள் பலவற்றையும் அவையே அளித்தன. அம்மருந்துகள் மருத்துவமனையில் ஆற்றும் தொண்டினைப் பலரும் அறிவர். புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் அவை ஆற்றும் காவற்பணியையும், அக்காவலில் மறைந்திருக்கும் இடரையும் அறிந்தோர் சிலரே. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உணவிற்கும் இடத்திற்கும் அவற்றிடையே ஓயாத போட்டி நிகழ்கிறது. அப்போட்டியில் ஓர் உயிர் மற்றோர் உயிரின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளைச் சுரப்பதுண்டு. நுண்ணுயிர் ஒன்று ஆக்கி, பிற நுண்ணுயிர்களை அழிக்கும் அப்பொருளை நுண்ணுயிர் எதிர்ப்பொருள் என்பர்.

இவ்வகைப் பொருள்களுள் முதன்முதலிற் புகழ்பெற்றது பெனிசிலின். 1928ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள புனித மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பார் பாக்டீரியாக்களை வளர்த்து வந்தார். அவருடைய தட்டு ஒன்றில் அழையா விருந்தாளியாகப் பூஞ்சை ஒன்று வந்து முளைத்தது. அதனைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் அழிந்திருந்தன. பூஞ்சையின் சாற்றிலிருந்த அழிக்கும் பொருளுக்கு அவர் பெனிசிலின் எனப் பெயரிட்டார். 1929ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, அச்சாற்றினை ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் முறையைச் சிறப்பாக எடுத்துரைத்தது. வேண்டாத பாக்டீரியாக்களை ஒடுக்கி, வேண்டிய ஒன்றனை மட்டும் பிரித்து வளர்க்க அது உதவும் என்று அவர் காட்டினார். எனவே, உயிர்காக்கும் மருந்தாகப் புகழ் பெறுமுன்னரே ஆய்வுக்கூடத்துக் காவலாகப் பெனிசிலின் தொண்டாற்றத் தொடங்கிவிட்டது எனலாம்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், செல்மன் வாக்ஸ்மன் என்னும் மண்ணியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் சாட்ஸ் என்னும் இளைஞர் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்தார். அதுவரை மருந்தின்றி மக்களை மாய்த்து வந்த காசநோய்க்கு அதுவே முதல் நல்ல மருந்தாயிற்று. 1948ஆம் ஆண்டில் அறிமுகமான ஆரியோமைசின் என்னும் மருந்து, மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் பழைய பரிசோதனை வயலொன்றின் மண்ணிலிருந்து கிடைத்தது. அதனைக் கண்டறிந்த பெஞ்சமின் டக்கர், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அங்கு ஆராய்ச்சிகளை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற அப்பெருந்தகை, மெத்தோட்ரெக்சேட் என்னும் புற்றுநோய் மருந்து உருவாவதற்கும் காரணராயிருந்தார். நுண்ணுயிர் எதிர்ப்பொருள் ஆய்வும் புற்றுநோய் ஆய்வும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன என்பதற்கு அவரது வாழ்வே சான்றாகும்.

இனி, புற்றுநோய் ஆய்வில் உயிரணுக்களை வளர்ப்பது எற்றுக்கு என்பதைக் காண்போம். நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. அவை வேண்டும்போது பெருகி, வேண்டாதபோது அடங்கியிருக்கும் இயல்பின. அவ்வொழுங்கினை மீறி, அடங்காது பெருகும் உயிரணுக்களின் கூட்டமே புற்றுநோய். அதன் இயல்பினை ஆராயவும், புதிய மருந்துகளைச் சோதிக்கவும், எடுத்த எடுப்பில் நோயாளியின் உடலைக் களமாக்குதல் தகாது. ஆகவே, புற்றுநோய் உயிரணுக்களை உடலுக்கு வெளியே, தட்டுகளிலும் குடுவைகளிலும் வளர்த்து ஆராய்கின்றனர். இதுவே உயிரணு வளர்ப்பு எனப்படும்.

1907ஆம் ஆண்டில் ராஸ் ஹாரிசன் என்பார் தவளைக் கருவின் நரம்பு உயிரணுக்களை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார். 1951ஆம் ஆண்டில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் நீக்ரோ இனப் பெண்மணி, அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றார். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஜார்ஜ் கை என்னும் அறிஞர் வளர்த்தார். அவ்வம்மையார் அவ்வாண்டிலேயே மறைந்தார். அவருடைய உயிரணுக்களோ இன்றளவும் உலகெங்கும் பெருகி வருகின்றன. ‘ஹீலா’ எனப்படும் அவ்வுயிரணுக்கள் மருத்துவத்திற்கு அளவிறந்த நன்மை புரிந்துள்ளன. ஆயினும், அவர் அறியாமலும் அவரது இசைவின்றியும் அவை எடுக்கப்பட்டன என்பதும் மறத்தற்கரிய செய்தியாகும். இந்நாளில் நம் நாட்டில், புனே நகரிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் பலவகை உயிரணுக்களைப் பேணி வைத்து ஆய்வாளர்களுக்கு வழங்கி வருகிறது.

தட்டில் வளரும் உயிரணு தாயைப் பிரிந்த மகவினை ஒத்தது. அதற்கு வேண்டிய யாவற்றையும் பிறரே ஊட்டல் வேண்டும். சருக்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், உயிர்ச்சத்துகள் ஆகியவை கலந்த வளர்ப்பு நீர்மத்தில் அது வாழ்கிறது. கன்றின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த சீரமும் பெரும்பாலும் அதனுடன் சேர்க்கப்படும். உடலின் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியசு, ஈரப்பதம், அளவான கரியமில வாயு ஆகியவையும் வேண்டும்.

இத்துணை வளமான உணவும் வெப்பமும் வேறு உயிர்களுக்கும் ஏற்றவையன்றோ? நன்கு உழுது உரமிட்ட கரிசல் நிலத்தில் பருத்தி முளைக்குமுன் அறுகும் கோரையும் முளைப்பதுபோல, வளர்ப்பு நீர்மத்தில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் புகுந்து பெருகுகின்றன. உடலினுள் அவற்றை எதிர்த்துப் போரிட வெள்ளணுக்கள் உள்ளன. தட்டிலோ அத்தகைய காவலர் ஒருவருமிலர்.

அவை பெருகும் விரைவினை ஒரு கணக்கால் அறியலாம். ஹீலா உயிரணு ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நல்ல சூழலில் பாக்டீரியா ஒன்று 20 மணித்துளிகளில் இரண்டாகிவிடும். எனவே, காலையில் தட்டினுட் புகுந்த ஒரே ஒரு பாக்டீரியா, 7 மணி நேரத்தில் 21 முறை இரட்டித்து 20,97,152 ஆகப் பெருகக்கூடும். அதற்குள் புற்றுநோய் உயிரணு ஒருமுறையேனும் பிரிந்திராது. மறுநாள் ஆய்வாளர் வந்து பார்க்கும்போது, தெளிந்த செந்நிற நீர்மம் மஞ்சளாகிக் கலங்கிக் கிடக்கும். பல திங்கள் உழைப்பு ஓரிரவில் பாழாகிவிடும்.

இவ்விடரினின்று காப்பதற்காகவே வளர்ப்பு நீர்மத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் உண்டாயிற்று. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் இணைந்த கலவையே மிகுதியாகப் பயன்படுவது. ஒரு மில்லிலிட்டர் நீர்மத்தில் பெனிசிலின் 100 அலகும், ஸ்ட்ரெப்டோமைசின் 100 மைக்ரோகிராமும் சேர்ப்பது பொதுவான அளவாகும். பெனிசிலின், பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி எழுப்பும் சுவரின் ஆக்கத்தைத் தடுக்கிறது. சுவர் வலுவிழந்தவுடன் அவை வெடித்து மடிகின்றன. மனித உயிரணுவிற்கு அத்தகைய சுவர் இல்லை; ஆதலின் அஃது ஊறின்றிப் பிழைக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவினுள் புரதம் ஆக்கும் ரைபோசோம் என்னும் நுண்பொறியைப் பற்றிக்கொண்டு அதன் பணியைக் குலைக்கிறது. மனித உயிரணுவில் அப்பொறியின் அமைப்பு வேறுபட்டதாதலால், அதற்கு விளையும் தீங்கு குறைவு.

இவ்விரண்டும் பூஞ்சைகளை அழிக்கமாட்டா. அவற்றிற்கென ஆம்ஃபோடெரிசின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அதனையும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனமே ஆக்குகிறது. நம் நாட்டிலும் பிம்பிரியிலுள்ள இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் திருமலாச்சார் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், ஹாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தை அவ்வினத்து நுண்ணுயிரிலிருந்தே கண்டறிந்தனர்.

இவ்வளவு நன்மை பயக்கும் காவலை எப்பொழுதும் வைத்திருத்தலே நன்று என்று தோன்றலாம். ஆயின், ஆய்ந்தறிந்தோர் அவ்வாறு கூறுவதில்லை. அதற்குரிய காரணங்கள் மூன்று.

முதலாவது, காவல் மருந்து குற்றத்தை நீக்காது மறைத்துவிடுதல் கூடும். மருந்து வலுவாக இருப்பின் பாக்டீரியாக்கள் அழியும். அரைகுறையாக இருப்பின் அவை ஒடுங்கி, சிறு தொகையினவாய் மறைந்து வாழும். நீர்மம் தெளிவாகவே தோன்றும். ஆய்வாளர் தம் கைத்தூய்மையில் நேர்ந்த பிழையை அறியமாட்டார். நாளடைவில் அப்பிழையே வழக்கமாகிவிடும். மருந்திற்கு மடியாத பாக்டீரியாக்கள் அங்கே தோன்றி நிலைபெறவும் கூடும்.

இரண்டாவது, இக்காவலுக்கு முற்றிலும் அகப்படாத பகைவரும் உளர். மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறிய பாக்டீரியாவிற்குச் சுவரே இல்லை. ஆதலின், சுவரின் ஆக்கத்தைத் தடுக்கும் பெனிசிலின் அதனை ஒன்றும் செய்வதற்கில்லை. பிற பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்துளை வடிகட்டிகளினூடும் அது நுழைந்து செல்லவல்லது. ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கிற் பெருகினும் நீர்மத்தைக் கலங்கச் செய்யாது. உயிரணுக்களுக்குரிய உணவைக் கவர்ந்துண்டு, அவற்றின் வளர்ச்சியையும் நடத்தையையும் மாற்றிவிடும். உயிரணு வளர்ப்பில் இதன் இருப்பு முதன்முதலில் 1956ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இவ்வகையுள் ஒன்று மனிதர் வாயில் இயல்பாக வாழ்வது. தட்டினைத் திறந்துவைத்துப் பேசுவோரின் எச்சில் துளி வழியே அது உட்புகக்கூடும். காவல் மருந்தை நம்பி வாய்காவாதிருப்பவர் இதற்கு வாயில் திறந்து விடுகின்றனர்.

மூன்றாவது, காவல் மருந்து காக்கப்படும் உயிரணுவையே மாற்றிவிடக்கூடும். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், கல்லீரற் புற்றுநோய் உயிரணுக்களைப் பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவையுடனும், கலவையின்றியும் வளர்த்து ஒப்பிட்டனர். கலவையில் வளர்ந்த உயிரணுக்களில் 209 மரபணுக்களின் செயற்பாடு மாறியிருந்தது. வெளித்தோற்றத்தில் மாற்றம் காணாத உயிரணு உள்ளே மாறியிருக்குமாயின், அதனை வைத்துச் செய்யும் சோதனையின் முடிவு எதனால் விளைந்தது? புதிய மருந்தாலா, காவல் மருந்தாலா? வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சலைக் கணக்கிடுவது எங்ஙனம்?

இவ்வையம் வீணானதன்று. மண்வாழ் நுண்ணுயிர்கள் ஆக்கிய பொருள்களுட் சில, புற்றுநோய் உயிரணுக்களையே கொல்லவல்லவை. 1940ஆம் ஆண்டில் வாக்ஸ்மனும் உட்ரஃப் என்பாரும் கண்டறிந்த ஆக்டினோமைசின், பிற்காலத்தில் சிறுவர்களின் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. இத்தாலி நாட்டு மண்ணிற் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை ஒன்று டௌனோரூபிசின் என்னும் செந்நிற மருந்தை அளித்தது. அதன் வழிவந்த டாக்சோரூபிசின் இன்றும் புற்றுநோய் மருத்துவத்தில் பயன்படுகிறது. எனவே, நுண்ணுயிர் எதிர்ப்பொருள்கள் யாவும் மனித உயிரணுவைத் தீண்டா என்று கருதுதல் பிழை. ஒவ்வொன்றும் எதனை, எவ்வளவில், எவ்வாறு தாக்கும் என்பதை அறிந்தே பயன்படுத்தல் வேண்டும்.

பருத்தி விளைக்கும் உழவர் இவ்வுண்மையைத் தம் நிலத்திலேயே காணலாம். 1980களின் பிற்பகுதியில் ஆந்திர மாநிலத்துப் பருத்தி நிலங்களில் பூச்சிமருந்துகளை மேன்மேலும் தெளித்தனர். காய்ப்புழுக்களுள் மருந்தைத் தாங்கவல்லவை மட்டும் எஞ்சிப் பெருகின. மருந்தின் வலிமை பயனற்றுப் போயிற்று. காலத்தில் உழுதல், ஏற்ற பட்டத்தில் விதைத்தல், களையெடுத்தல், வயலைச் சுற்றிவந்து நாள்தோறும் பார்த்தல் ஆகியவையே முதற்காவல். 1901ஆம் ஆண்டு முதல் கோவில்பட்டியில் நிலவிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் போன்ற அமைப்புகள் மானாவாரி உழவர்க்கு உணர்த்தி வருவதும் இத்தகைய முறைகளையே. மருந்து அவற்றிற்குத் துணையாகலாம். அவற்றின் இடத்தைக் கொள்ளலாகாது.

ஆய்வுக்கூடத்திலும் நெறி இதுவே. தேர்ந்த ஆய்வாளர், காற்றினை வடிகட்டி அனுப்பும் கூண்டினுள் வைத்தே தட்டுகளைத் திறப்பர். கைகளுக்கு உறையணிந்து, 70 விழுக்காடு சாராயக் கரைசலால் துடைப்பர். நீராவி அழுத்தத்தால் தூய்மை செய்த கருவிகளையே கையாள்வர். ஒருவகை உயிரணுவிற்கு எடுத்த நீர்மத்தை மற்றொரு வகைக்குப் பயன்படுத்தார். புதிதாக வந்த உயிரணுக்களைச் சோதித்து அறியும் வரையில் தனியே வைப்பர். கண்ணுக்குப் புலப்படாத மைக்கோபிளாஸ்மாவை ஒளிரும் சாயத்தாலும் மரபணுச் சோதனையாலும் காலந்தோறும் தேடுவர்.

காவல் மருந்தை அவர்கள் முற்றிலும் விலக்குவதில்லை. அதற்குரிய காலத்தையும் இடத்தையும் வரையறுத்து வைத்துள்ளனர். வாய், குடல் போன்ற உறுப்புகளிலிருந்து அறுவையால் எடுத்த கட்டியில் இயல்பாகவே பாக்டீரியாக்கள் மிகுந்திருக்கும். அத்தகைய திசுவை முதன்முதல் வளர்க்கும்போது காவல் மருந்து இன்றியமையாதது. உயிரணுக்கள் வேரூன்றி வளர்ந்தபின் அதனை நிறுத்திவிடுவர். நிறுத்தியபின்பும் தட்டு தெளிவாயிருப்பின், தூய்மை மெய்யானது எனத் துணிவர். கலங்குமாயின், ஒளிந்திருந்த பகை வெளிப்பட்டது என அறிந்து, அத்தட்டினைத் தயக்கமின்றி அழித்துவிடுவர். பல திங்கள் பாடுபட்டு வளர்த்ததை அழிக்க மனம் வருந்தும். ஆயினும், ஐயத்திற்கிடமான தட்டிலிருந்து பெற்ற முடிவை உலகிற்கு அளிப்பதினும், அதனை அழித்துவிடுதலே அறமாகும்.

அஃது அறமாதல் எவ்வாறெனின், ஆய்வின் பயன் தட்டோடு முடிவதில்லை. சென்னை அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கப்பெற்றது. அத்தகைய மருத்துவமனைகளின் வாயிலில், தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வந்தோர் நம்பிக்கையுடன் காத்து நிற்பர். அவர்களுள் பலர் விளைநிலத்தை ஈடுவைத்து வந்தோராகவும் இருப்பர். அவர்களுக்கு அளிக்கப்படும் மருந்துகள் பல, முன்னர் ஆய்வுக்கூடத் தட்டுகளில் சோதிக்கப்பட்டவை. தட்டில் மறைந்திருந்த பிழையால் பயனற்ற ஒரு பொருள் பயனுடையதெனத் தோன்றுமாயின், அதனைப் பின்தொடர்ந்து பல ஆண்டுகளும் பெரும்பொருளும் வீணாகும். பயனுடைய ஒன்று பயனற்றதென ஒதுக்கப்படுமாயின், அதனாற் பிழைத்திருக்கக்கூடியவர் அதனைப் பெறாமலே மாய்வர்.

இவ்வுண்மை ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. சளிக்கும் சுரத்திற்கும் மருத்துவரைக் கேளாமலே நுண்ணுயிர் எதிர்ப்பொருள்களை வாங்கி உண்போரும், மருத்துவர் குறித்த நாளளவு உண்ணாமல் தாமே இடையில் நிறுத்துவோரும், மருந்திற்கு மடியாத நுண்ணுயிர்கள் பெருக இடமளிக்கின்றனர். நல்ல மருந்து நெடுநாள் நல்ல மருந்தாகவே நிலைத்திருத்தல், அதனைப் பயன்படுத்துவோரின் அறிவையும் அடக்கத்தையும் பொறுத்தது.

காலடியிற் கிடக்கும் மண்ணிலிருந்து உயிர்காக்கும் மருந்தினைக் கண்டறிந்தது மனிதனின் அறிவுத்திறன். அம்மருந்தை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கையாண்டு, வேண்டாத இடத்தில் விலக்கி, தன் கைத்தூய்மையையும் கண்விழிப்பையும் முதற்காவலாகக் கொள்வதே அத்திறனுக்கு அழகாகும். நாளை ஆய்வுக்கூடங்களிற் புகவிருக்கும் மாணவர்கள், தட்டினைத் திறக்குந்தோறும் இதனை நினைவிற் கொள்வாராக.